புளித்த மண்ணில் ஒரு பீட்ரூட் வெள்ளாமை

எனக்குக் கல்யாணம் ஒரு வெள்ளாமை தள்ளிப் போனதற்கு ஜாதகம் காரணமில்லை; மண் காரணம். தேனி தனி மாவட்டமான புதிதில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. அந்த வயதில் பெண் தேடுகிறவனைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் "என்ன கோளாறு?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். கோளாறு ஒன்றுமில்லை. புது ஆள் எதிரில் வந்து உட்கார்ந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பையனுக்குக் காது கேட்காதோ என்று நினைத்து அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

தேவதானப்பட்டிப் பெண்ணை அக்காதான் பார்த்துச் சொன்னாள். அப்பா இல்லாத பெண். வளர்த்தது தாய்மாமன்; வெங்காயமும் தக்காளியும் போடுகிற சம்சாரி. நானும் அம்மாவும் அக்காவும் பெண் பார்க்கப் போனோம். மாமன்காரர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா பதறிப்போய், "தம்பி பேசத்தான் மாட்டான் மாமா. மாடு மாதிரி உழைப்பான்" என்றாள்.

"அப்ப மாட்டுக்கா பொண்ணு கேக்க வந்திருக்கீக?" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பெண் காப்பி கொண்டுவந்தாள். நான் டம்ளரை வாங்கினேன். வாங்கிய வேகத்தில் அது நழுவி, காப்பி முழுக்க என் வெள்ளை வேட்டியில் கொட்டியது. உள்ளே பெண்கள் களுக்கென்று சிரிப்பது கேட்டது. அவள் குனிந்து டம்ளரை எடுத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இந்த டம்ளரு எல்லாருக்கும் வழுக்கும்" என்றாள். பிறகு உள்ளே போய், "சிரிக்காதீகடி" என்று அதட்டினாள். அதுவும் எனக்குக் கேட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன்: "இந்தப் பொண்ணுதான்."

"மூஞ்சியைப் பாத்தியால?"

"இல்ல."

"பின்னே?"

"பேசினதைக் கேட்டேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சின்னமனூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மாமன்காரர் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். படிப்பு கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. நிலத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்களில் அது வழக்கம்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பதற்கு முன்னால் அவனுடைய வெள்ளாமையைப் பார்த்துவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் குறை சொல்ல வாய் வராதல்லவா. பிடித்திருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். இல்லையென்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறுவார்கள்.

எங்கள் நிலம் மலையடிவாரத்துச் செவல் மண். மேகமலைக்குப் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா இருந்தவரை அதில் பன்னீர் திராட்சைப் பந்தல். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அந்தப் பந்தலுக்கு மருந்து கலக்குகிற வேலை என்னுடையது. மயில்துத்தத்தை ஒரு தொட்டியில் கரைப்போம். அப்படி ஒரு நீலம். சுண்ணாம்பை நீற்றி இன்னொரு தொட்டியில் பால் மாதிரி கலக்குவோம். இரண்டையும் சேர்த்தால் அடிசாம்பல் நோய்க்கு மருந்து. சுண்ணாம்பு பத்தாவிட்டால் துத்தம் இலையைப் பொசுக்கிவிடும். அதனால் தீட்டின அரிவாளைக் கலவைக்குள் கொஞ்ச நேரம் விட்டு எடுத்துப் பார்ப்போம். அரிவாளில் செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். வெள்ளிரும்பாகவே வந்தால் அடிக்கலாம். இது போக, வெள்ளைப்பூசணம் வரும் காலத்தில் கந்தகத்தூள் வேறு தூவுவோம். பந்தலுக்குக் கீழே நின்றால் தலை மஞ்சள், கை நீலம், கால் செம்மண். கோயில் கொடை முடிந்து வேஷம் கலைக்காதவர்கள் மாதிரி வீட்டுக்கு வருவோம்.

கொடிக்கு வயதாகி, காய்ப்பு நின்றுபோனது. அப்பா போன பிறகு பந்தலைப் பிரித்துவிட்டு நான் பீட்ரூட் போட்டேன். திராட்சைக்கு வருஷக்கணக்கில் சாணமும் உரமும் தின்ற மண். விதையைப் போட்டால் போதும், கிழங்கு முட்டிக்கொண்டு வரும் என்று நினைத்தேன்.

முளைத்தது. நாலு இலை விட்டது. அதோடு நின்றுவிட்டது. இலை நரம்பு மட்டும் தெரிய, நடுவெல்லாம் வெளுத்து மஞ்சளானது. எங்கள் ஊரில் பயிர் மஞ்சளானால் பசி என்று அர்த்தம். நானும் பசி என்று நினைத்து அம்மோனியம் சல்பேட்டை அள்ளி வீசினேன். இன்னும் மஞ்சளானது. இன்னும் வீசினேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறி, தேய்ந்த விளக்குமாறு மாதிரி மொட்டையாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் பயிர் பயிராக இருந்தது. கிணற்றோரம், பழைய மருந்துத் தொட்டிகள் இருந்த மூலை. அங்கே மட்டும் இலை கரும்பச்சையாக, யானைக் காது மாதிரி விரிந்து நின்றது. அது சாமி மூலை என்றாள் அம்மா.

மாமன்காரர் வருவதாக ஆள் அனுப்பிச் சொன்னதும் அக்கா ஒரு திட்டம் போட்டாள். சேரைக் கொண்டுபோய் அந்தப் பச்சை மூலையில் போடுவது. அங்கேயே கலர் பாட்டில் உடைத்துக் கொடுத்து, பேச்சுக்கொடுத்து, அப்படியே ரோட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது, மாமன்காரர் சேரில் உட்காராததைத் தவிர. கலரையும் வாங்கவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நேராக நிலத்தின் நடுவுக்கு நடந்தார். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

"அங்கன சகதியா இருக்கும் மாமா!"

"நான் என்ன பட்டணத்துல பொறந்தவனா?" என்றபடி குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். நெல்லிக்காய் அளவு கிழங்கு. அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "என்ன தம்பி இது? பீட்ரூட்டா, பாசிமணியா?"

நான் தரையைப் பார்த்தேன். தரையும் எனக்கு உதவி செய்யவில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டு, "அடுத்த வெள்ளாமை வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் வேற எடம் பாக்கமாட்டேன்" என்றார். தண்ணீர் குடிக்காமல்தான் பஸ் ஏறினார். ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பல நாள் ஓட்டினேன்.

அடுத்த வெள்ளாமையிலும் பாசிமணி விளைந்தால் அவள் இல்லை. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

உரக்கடைக்காரர் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தேனியில் அதற்கு ஆபீஸ் இருக்கிறதாம். நான் மண்வெட்டியோடு கிளம்பியபோது அம்மா கேட்டாள்:

"எங்கன எடுக்கப் போறே?"

"நடுவுல."

"அந்தச் செத்த மண்ணையா? ஆபீஸுக்குக் கொண்டுபோறது, நல்ல மண்ணாப் பாத்து எடுத்துட்டுப் போய்யா. நாலு பேரு பாப்பாக."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போட்டோ பிடிக்கப் போகிறவன் கிழிந்த சட்டையோடு போவானா? சாமி மூலையில் குழி வெட்டி, கல், வேரெல்லாம் பொறுக்கிப் போட்டு, நிழலில் உலர்த்தி, மாவு மாதிரி சலித்து, புதுத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போனேன். தேனி அல்லிநகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்கக் கூச்சப்பட்டு, அந்தத் தெருக்களை இரண்டு சுற்றுச் சுற்றின பிறகுதான் ஆபீஸ் கண்ணில் பட்டது.

அங்கே இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண் அதிகாரி. வேறு ஜில்லாக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. முடிவு வாங்க நான் மறுபடி போனபோது தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க மண்ணுல புளிப்பும் இல்ல, உப்பும் இல்ல. செம்பு மட்டும் நிறைய இருக்கு. ஆனா பயிர் மஞ்சளா இருக்குன்னு சொன்னீங்களே?"

"ஆமாம்மா."

"மஞ்சளா இருக்கிற எடத்துல எடுத்த மண்ணுதானே?"

நான் மேஜையின் காலைப் பார்த்தேன். பொய் சொல்லவும் எனக்கு வராது. அதற்கும் பேச வேண்டுமே. "இல்லம்மா. நல்லா இருக்குற எடத்துல எடுத்தது."

"ஏன் அப்படி?"

"ஆபீஸுக்குக் கொண்டாரதுன்னு..."

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "காய்ச்சல்காரனை வீட்ல படுக்க வச்சிட்டு, நல்லா இருக்கிறவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கீங்க. போய் அந்தக் காய்ச்சல்காரனைக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை சலிக்கவில்லை.

இரண்டு முடிவும் வந்த அன்றைக்கு அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நீங்க செஞ்ச கூத்துல ஒரு நல்லது நடந்திருக்கு. ரெண்டு மண்ணையும் ஒப்பிட்டுப் பாக்க முடியுது. ரெண்டுலயும் செம்பு இருக்கு. சொல்லப்போனா உங்க பச்சை மூலையிலதான் அதிகம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அங்கனதானே பயிரு சாகணும்?"

ஒரு ஆபீஸில் நானாக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அதான் விஷயமே. நீங்க திராட்சைக்கு அடிச்சதாச் சொன்ன மயில்துத்தத்துல இருந்த செம்பு மண்ணுலயே தங்கிடுச்சு. செம்பு மக்கிப் போகாது, ஆவியாப் போகாது. ஆனா மண்ணுல இருக்கிறது வேற, வேருக்குள்ள போறது வேற. மண்ணு புளிச்சா செம்பு கரையும். கரைஞ்சா வேர் உறிஞ்சிடும். முதல்ல வேர் கருகும், அப்புறம் இரும்புச்சத்து மேல ஏறாது, இலை வெளுக்கும். நீங்க தூவின கந்தகம், போட்ட அம்மோனியம் சல்பேட்டு, எல்லாமாச் சேர்ந்து மண்ணைப் புளிக்க வச்சிருக்கு. அந்த மூலையில என்ன நடந்துச்சு?"

"அங்கனதான் சுண்ணாம்பு நீத்துவோம். சிந்தினதெல்லாம் அங்கனயே கிடக்கும்."

"அவ்வளவுதான். சுண்ணாம்பு புளிப்பை முறிச்சிடுச்சு. செம்பு மண்ணோட ஒட்டிக்கிட்டுக் கிடக்குது. வேர் பக்கத்துலயே போனாலும் அதை எடுக்க முடியல. செம்பு மட்டுமில்லைங்க, துத்தநாகம், மாங்கனீசு, காட்மியம்னு இப்படிப் பல உலோகத்துக்கும் இதே குணம்தான்."

நான் கண்ணை மூடினால் அரிவாள் தெரிந்தது. சுண்ணாம்பு பத்தாத கலவையில் செம்பு ஏறி வருகிற அரிவாள். நிலம் முழுக்க என் பீட்ரூட் வேர்கள் அப்படித்தான் செம்புக்குள் நின்றிருக்கின்றன. இலை பொசுங்கக் கூடாது என்று வருஷக்கணக்கில் சுண்ணாம்பு அளந்தவர்கள், கீழே மண்ணுக்கு ஒரு கைப்பிடி அளக்கவில்லை.

"அந்தச் செம்பை வெளிய எடுக்க முடியுமாம்மா?"

"முடியாதுன்னே வச்சுக்கங்க. மண்ணு புளிக்காமப் பாத்துக்கிட்டாப் போதும், அது சும்மா கிடக்கும். சுண்ணாம்பு போட்டு உழுங்க, நிறைய குப்பை எரு போடுங்க. அம்மோனியம் சல்பேட்டைத் தொடாதீங்க. அவசரப்பட்டு உடனே விதைச்சிடாதீங்க. மறுபடி மண்ணு எடுத்துட்டு வந்து காட்டுங்க. சுண்ணாம்பும் அளவு மிஞ்சினா வேற வம்பு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஈயம் பூசாத பித்தளையில புளிக்குழம்பை வச்ச கதைதான். சோறு வச்சா ஒண்ணும் பண்ணாது. புளியை ஊத்தினா களிம்பு ஏறிப்போகும். இதைக் கேக்கவா தேனிக்கு இத்தனை நடை நடந்தே?"

"நல்ல மண்ணைக் கொண்டுபோகச் சொன்னது யாரு?"

"அது மரியாதைக்குச் சொன்னது" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

காளவாசலிலிருந்து சுண்ணாம்பு வந்து இறங்கியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, காற்றடிக்காத காலை நேரமாகப் பார்த்து, நிலம் முழுக்கத் தூவினேன். செம்மண் வெள்ளையானது. அவ்வளவுதான், ஊருக்குப் பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் சைக்கிளை நிறுத்தினார்கள்.

"ஏலே, பொங்கலுக்கு வீட்டுக்குத்தான வெள்ளையடிப்பாக? நீ காட்டுக்கு அடிக்கிறே?"

"பொண்ணு வீட்டுக்காரக வர்றாகல்ல, அதான் கல்யாணக் காடு!"

"வாசல்ல வாழைமரத்தையும் கட்டிருய்யா!"

பக்கத்துத் தோட்டக்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "மாப்ளே, சுண்ணாம்பு சரி. வெத்தலை எங்கே?" கேட்டுவிட்டு அவரும் சிரித்தார்.

சாதாரணமாக நான் அப்படிப்பட்ட நேரத்தில் கிணற்றுக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளக் கூடிய ஆள். அந்த முறை என்னவோ கூச்சமே வரவில்லை. முகத்தில் துண்டு இருந்தது ஒரு வசதி. உள்ளே நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

உழுதேன். தண்ணீர் கட்டினேன். ஆறப்போட்டேன். எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டேன். நடுவில் மண்ணை எடுத்துக்கொண்டு தேனிக்குப் போனபோது அந்தம்மா மண் கரைத்த தண்ணீரில் ஒரு தாளை நனைத்து, அதன் நிறத்தைக் காட்டி, "இப்பப் போடலாம்" என்றார். பஸ்ஸில் வரும்போது தேனியிலிருந்து சின்னமனூர் வரை எல்லா வயலும் எனக்கு அழகாகத் தெரிந்தது.

விதை முளைத்தது. நாலு இலை விட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது இலை வந்தது. ஆறாவது வந்தது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்று கை அரித்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில் ஒன்றைப் பிடுங்கினேன். வெள்ளை வெளேரென்று வேர், ஓரமெல்லாம் பூனை முடி மாதிரி சல்லிவேர், அதில் மண் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைத் தண்ணீர்ச் செம்பில் போட்டு ஜன்னலில் வைத்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பிறகு இலைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு பாத்தியை மூடின. காம்பெல்லாம் சிவப்பு. வெயில் சாய்கிற நேரத்தில் பார்த்தால் நிலமே வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரிதான்யா, வெத்தலையும் போட்டுட்டே" என்றார். சாமி மூலை எது, மற்ற இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா அதன் எல்லையை விரித்து, முழுத் தோட்டமும் சாமி மூலைதான் என்று அறிவித்துவிட்டாள்.

மாமன்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் ஜீப் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை, அக்கா வந்திருந்தாள்; அம்மாவும் தோட்டத்தில்தான் இருந்தாள். நான் முழங்கால் வரை சேறோடு களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஜீப்பிலிருந்து அவர் இறங்கினார். அவர் மனைவி, பெண்ணின் அத்தைக்காரி, இறங்கினாள். பிறகு அந்தப் பெண்ணும் இறங்கினாள்.

அது வழக்கமில்லை. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். மாமன்காரர் அலுத்துக்கொண்டார்: "நான் என்ன செய்ய? ஒத்தக்கால்ல நின்னா. போன தடவை நீங்க பாத்துட்டு வந்து பாசிமணின்னீக, இந்தத் தடவை நானே பாக்கணும்னுட்டா."

அவள் செருப்பைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டுப் பாத்திக்குள் இறங்கினாள். யாரையும் கேட்கவில்லை. ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, தள்ளிப்போய் ஒன்று என்று மூன்று கிழங்கு பிடுங்கினாள். ஒவ்வொன்றும் கைக்கு அடங்கவில்லை. ஒன்றை மாமாவின் கையில் கொடுத்தாள்.

"பாசிமணி எப்படி இருக்கு மாமா?"

"கோக்கக் கயிறு பத்தாதுத்தா" என்றார் அவர்.

அவள் வாய்க்காலில் ஒரு கிழங்கைக் கழுவி, அப்படியே கடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். உதடெல்லாம் சிவப்பு.

"காட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சீகளாமே? தேவதானப்பட்டி வரைக்கும் சிரிக்கிறாக. எதுக்கு அடிச்சீக?"

கேலிக்குக் கேட்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் சொன்னேன். மயில்துத்தத்தில் ஆரம்பித்தேன். கந்தகம், அம்மோனியம் சல்பேட், மண் எப்படிப் புளித்தது, புளித்த மண்ணில் செம்பு எப்படிக் கரைந்து வேருக்குள் போனது, மேலே மலையில் தேயிலைக்கு ஏன் புளித்த மண் பிடிக்கிறது, பீட்ரூட்டுக்கு ஏன் பிடிக்கவில்லை, எல்லாம். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினேன். ஆபீஸுக்கு நல்ல மண்ணைக் கொண்டுபோன கதையையும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. நிறுத்தியபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா," என்று மாமன்காரர் அக்காவிடம் கேட்டார், "உன் தம்பிக்கு வாய் இருக்கா!"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும் மாமா."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அந்தச் செம்பு இன்னும் மண்ணுக்குள்ளதான் கெடக்குதா?" என்று கேட்டாள்.

"கெடக்குது. எப்பவும் கெடக்கும். புளிக்க விடாமப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"அப்ப வருசா வருசம் மண்ணைப் பாக்கணும்."

"பாக்கணும்."

அவள் கையிலிருந்த மீதிக் கிழங்கைக் கடித்து முடித்தாள். பிறகு மாமாவிடம் போய், அவளுக்கு ரகசியமாகப் பட்ட ஆனால் தோட்டம் முழுக்கக் கேட்ட குரலில், "கல்யாணத்தை ஆவணியிலேயே வைக்கச் சொல்லுங்க மாமா. ஐப்பசின்னா மழை புடிச்சுக்கிரும்" என்றாள்.

மாமன்காரர் அம்மாவிடம் திரும்பி, "என்ன மதினி, சோறு கீறு உண்டா இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டார். அம்மா வரப்பில் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

அக்கா என் முகத்தைப் பார்ப்பதற்குள் நான் மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிணற்றுப் பக்கம் போனேன். மோட்டார் ஓடவே இல்லை; காலையிலிருந்து கரண்ட் கிடையாது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சோற்றுக்குக் கூப்பிடும் வரைக்கும் சிரித்தேன்.